429, 502, 504: கிளவுடில் ஓடும் ஆப் திணறினால் எங்கே தேடுவது?

"சைட் ஸ்லோவாக இருக்கிறது" என்று தகவல் வந்ததும் பெரும்பாலான டீம்கள் முதலில் செய்வது, பெரிய சர்வருக்கு மாறுவது. அதுவும் பலிக்காவிட்டால் வரம்புகளைக் கூட்டுவது. சில சமயம் சரியாகிவிடும். பல சமயம் மாத பில் ஏறுவதோடு, பிரச்சினை அடுத்த அடுக்குக்கு நகர்ந்து அங்கே இன்னும் பெரிதாக வெடிக்கும்.

கோரிக்கை வரம்பும் (ஒருவர் இவ்வளவு நேரத்தில் இத்தனை கோரிக்கைதான் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு) தாமதமும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள். எங்கோ ஓரிடத்தில் வரிசை நிற்கிறது. நிற்க விட்டால் அது தாமதமாகத் தெரியும். நிற்க விடாமல் திருப்பி அனுப்பினால் 429 (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்) ஆகவோ 503 (இப்போது சேவை தர முடியாது) ஆகவோ தெரியும். தலைப்பில் உள்ள 502, பின்னால் உள்ள சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பது; 504, பதில் நேரத்துக்குள் வரவில்லை என்பது. வரிசை எந்த அடுக்கில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை எந்த எண்ணையும் மாற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: அமேசான் கிளவுடில் ஒரு அப்ளிகேஷன் லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), அதன் பின்னால் சில சர்வர்களில் என்ஜின்எக்ஸ் (கோரிக்கையை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் வெப் சர்வர்), அதற்குப் பின்னால் நோட் ஜேஎஸ் அல்லது பைத்தானில் எழுதிய ஆப், கடைசியில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும், மெமரியில் தரவை வைக்கும் ரெடிஸும். சில வேலைகள் மட்டும் லாம்ப்டாவில் (தேவைப்படும்போது மட்டும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் அமேசான் சேவை). நீங்கள் கூகுள் கிளவுடிலோ அஷூரிலோ இருந்தால் பெயர்களும் எண்களும் வேறாக இருக்கும். தேடும் முறை இதேதான்.

தொடங்கும் முன்: பதில் சொன்னது யார்?

பிரவுசரில் 503 என்று பார்த்தவுடன் ஆப்பின் கோடைத் திறக்க வேண்டாம். அதே 503-ஐ மூன்று பேர் மூன்று காரணங்களுக்காக அனுப்பக்கூடும். பின்னால் பதிவான சர்வரே இல்லாவிட்டால் லோட் பேலன்சர் அனுப்பும். தன்னிடம் உள்ள கோரிக்கை வரம்பு மீறப்பட்டால் என்ஜின்எக்ஸ் அனுப்பும் (மாற்றிச் சொல்லாதவரை அது 429 அனுப்பாது, 503தான் அனுப்பும்). டேட்டாபேஸ் கிடைக்காமல் ஆப்பே அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு.

இதைப் பிரித்தறிய லோட் பேலன்சரின் ஆக்சஸ் லாக் (ஒவ்வொரு கோரிக்கையின் பதிவு) வேண்டும். அது தானாக எழுதப்படாது. நாம்தான் ஆன் செய்து, எந்த எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் ஃபைல் சேமிப்பிடம்) சேமிக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். பிரச்சினை வந்தபிறகு ஆன் செய்தால் போன கோரிக்கைகளின் தடயம் கிடைக்காது, அதனால் இன்றே ஆன் செய்துவிடுங்கள். அதன் ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஸ்டேட்டஸ் எண்கள் இருக்கும். முதலாவது லோட் பேலன்சர் பயனருக்குச் சொன்னது. இரண்டாவது சர்வர் லோட் பேலன்சருக்குச் சொன்னது. இரண்டாவது இடத்தில் எண் இல்லாமல் வெறும் கோடு இருந்தால், சர்வரிடமிருந்து ஒழுங்கான பதிலே வரவில்லை என்று பொருள். அப்போது ஆப்பின் லாகில் பிழையைத் தேடி எந்தப் பயனும் இல்லை.

அடுத்து என்ஜின்எக்ஸ் லாக். அதன் இயல்பான வடிவத்தில் நேரக் கணக்கே இருக்காது. லாக் வடிவத்தில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மொத்தக் கோரிக்கை நேரம், பின்னால் உள்ள ஆப் எடுத்த நேரம். முதலாவது 8 நொடி, இரண்டாவது 0.2 நொடி என்றால் உங்கள் ஆப் குற்றவாளி இல்லை. பயனரின் மொபைல் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, அல்லது நீங்கள் அனுப்பும் பதில் மிகப் பெரியது, அல்லது என்ஜின்எக்ஸே கோரிக்கையை வரிசையில் நிறுத்துகிறது (கீழே பார்ப்போம்). இரண்டும் 8 நொடி என்றால் ஆப்பிலோ அதற்குக் கீழேயோதான் சிக்கல்.

இந்த இரண்டு லாகும் இல்லாமல் கீழே உள்ள எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: ட்ராஃபிக் குறைவுதான், ஆனாலும் எல்லாருக்கும் 429 (என்ஜின்எக்ஸை மாற்றாவிட்டால் 503)

என்ஜின்எக்ஸ் லாகில் பயனரின் ஐபி இருக்கும் இடத்தைப் பாருங்கள். 10.0.1.57, 10.0.2.113 என்று இரண்டு மூன்று முகவரிகளே திரும்பத் திரும்ப வருகின்றனவா? அவை பயனர்களின் ஐபி இல்லை, லோட் பேலன்சரின் உள் ஐபி. அதாவது, உங்கள் எல்லாப் பயனர்களும் என்ஜின்எக்ஸின் கண்ணுக்கு இரண்டு மூன்று ஆட்களாகவே தெரிகிறார்கள். "ஒரு ஐபிக்கு நொடிக்கு 10" என்று நீங்கள் வைத்த வரம்பை நாடே பகிர்ந்துகொள்கிறது.

இதற்கு என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி மாட்யூலைப் பயன்படுத்தி, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரிலிருந்து (கோரிக்கை கடந்து வந்த ஐபிகளின் பட்டியல்) உண்மையான ஐபியை எடுக்கச் சொல்ல வேண்டும். கவனம்: அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். லோட் பேலன்சர் தான் பார்த்த ஐபியை அந்தப் பட்டியலின் வலது கோடியில் சேர்க்கும். ஆகவே உங்கள் லோட் பேலன்சர் இருக்கும் சப்நெட்டை (உள் ஐபிகளின் தொகுதி) மட்டும் நம்பச் சொல்லுங்கள், வலமிருந்து படியுங்கள். இடது ஓரத்தில் இருப்பதை எடுத்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு போலி ஐபியைப் போட்டு உங்கள் வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

ஐபி சரியாகத் தெரிந்தபிறகும் அதை மட்டும் நம்பி வரம்பு வைப்பது நம் ஊருக்குச் சரிப்படாது. மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைத்திருக்கின்றன. கல்லூரி விடுதி, அலுவலகம் எல்லாமே பெரும்பாலும் ஒரே ஐபியில்தான் வெளியே வரும். ஒரு மாணவர் ஸ்கிரிப்ட் ஓட்டினால் விடுதி முழுக்க 429 பார்க்கும். லாகின் செய்த பயனருக்கு அவருடைய பயனர் எண்ணை வைத்தும், ஏபிஐ வாடிக்கையாளருக்கு அவருடைய கீயை வைத்தும் எண்ணுங்கள். லாகின் பக்கம், ஓடிபி அனுப்பும் பக்கம் போன்ற, ஆள் யாரென்று இன்னும் தெரியாத இடங்களுக்கு மட்டும் ஐபி வரம்பு போதும். ஓடிபிக்கு ஐபியோடு கூடவே மொபைல் எண் வாரியாகவும் ஒரு வரம்பு வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ் பணம் கரைந்துவிடும்.

சரி, ஐபி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் ஒரே ஒரு பயனர் பக்கத்தைத் திறந்தாலே 429 வருகிறது என்றால்? இங்கே என்ஜின்எக்ஸ் கணக்கிடும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நொடிக்கு 10 என்று எழுதினால், "ஒரு நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் 10" என்று நாம் படிக்கிறோம். என்ஜின்எக்ஸ் அதை "100 மில்லிநொடிக்கு ஒன்று" என்று படிக்கிறது. உங்கள் டாஷ்போர்டு திறந்தவுடன் ஒரே நேரத்தில் 15 ஏபிஐ அழைப்புகளை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று உள்ளே போகும், 14 திரும்பி வரும். சராசரியாகப் பார்த்தால் அந்தப் பயனர் வரம்புக்கு வெகு கீழே இருக்கிறார், ஆனாலும் பக்கம் உடைந்து கிடக்கிறது.

பர்ஸ்ட் 20 (வரம்புக்கு மேல் 20 வரை வரிசையில் நிற்கலாம்) என்று சேர்த்தால் அந்த 15-ம் அனுமதிக்கப்படும். ஆனால் 100 மில்லிநொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக விடப்படும். 15-வது அழைப்பு 1.4 நொடி காத்திருக்கும். ஆப்பில் எந்தத் தாமதமும் இல்லாமல், டேட்டாபேஸ் சும்மா இருக்கும்போதே பக்கம் மெதுவாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. கூடவே நோடிலே (தாமதிக்காதே) என்ற சொல்லையும் சேர்த்தால் 15-ம் உடனே போகும். வரிசையில் அவை பிடித்த இடங்கள் மட்டும் 100 மில்லிநொடிக்கு ஒன்றாக விடுபடும். மனிதர்கள் பயன்படுத்தும் பக்கங்களுக்கு நான் எப்போதும் பர்ஸ்டும் நோடிலேயும் சேர்த்தே வைப்பேன். கையோடு, மறுப்புக்கான ஸ்டேட்டஸை 429 என்று மாற்றிவிடுங்கள். 503 என்றே விட்டால் சர்வர் விழுந்துவிட்டது என்று கண்காணிப்பு அலாரம் நள்ளிரவில் யாரையாவது எழுப்பும்.

இன்னொரு கோளாறு, வரம்பு ஒரு நாள் கறாராகவும் ஒரு நாள் தளர்வாகவும் இருப்பது. ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் தனியாக எண்ணினால், 4 சர்வர் ஓடும்போது வரம்பு நான்கு மடங்கு. ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கேற்பச் சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) இரண்டாகக் குறைத்தால் இரண்டு மடங்கு. பொதுவான ஒரு ரெடிஸில் எண்ணினால் இது தீரும். அங்கே ஒரு பொறி உண்டு. எண்ணைக் கூட்டும் கட்டளையையும், அந்த எண்ணை வைத்திருக்கும் ரெடிஸ் கீ (தரவின் பெயர்) எப்போது அழிய வேண்டும் என்று சொல்லும் கட்டளையையும் தனித்தனியாக அனுப்பினால், நடுவில் ஆப் விழுந்துவிட்டால் கீக்குக் காலாவதியே இருக்காது. அந்தப் பயனரின் கணக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குப் பின் அவருக்கு எப்போதும் 429தான். "ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை" என்று புகார் வந்தால் ரெடிஸில் அவருடைய கீயின் மீதி ஆயுளைக் கேளுங்கள். மைனஸ் 1 என்று வந்தால் இதுதான் காரணம். இரண்டு கட்டளைகளையும் ரெடிஸ் ஒரே மூச்சில் ஓட்டும் ஒரு சிறு லுவா ஸ்கிரிப்டில் சேர்த்து அனுப்பினால் மீண்டும் வராது.

அறிகுறி: 429 வருவது நாம் அழைக்கும் வெளி ஏபிஐயிலிருந்து

பேமெண்ட், எஸ்எம்எஸ், மேப், ஏஐ மாடல் என்று எதை அழைத்தாலும் அவர்கள் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வந்த பதிலின் ஹெடர்களை முழுமையாக லாக் செய்யுங்கள். ரிட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடர் இருந்தால் அது எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்கிறது. அது நொடிகளாகவும் வரலாம், தேதியாகவும் வரலாம். இரண்டையும் படிக்கும்படி எழுதுங்கள். கிட்ஹப் போன்றவை இன்னும் எத்தனை அழைப்பு மீதம் என்பதையும் ஒவ்வொரு பதிலிலும் சொல்லும். அங்கே டோக்கன் இல்லாமல் அழைத்தால் ஒரு ஐபிக்கு மணிக்கு 60 அழைப்பு, டோக்கனோடு சாதாரணக் கணக்குக்கு மணிக்கு 5000. உங்கள் பில்டு சர்வர்கள் எல்லாம் ஒரே நேட் கேட்வே (பல சர்வர்கள் ஒரே ஐபியில் வெளியே போகும் வாசல்) வழியாக வெளியே போனால் அந்த 60-ஐ எல்லாருமாகச் சேர்ந்து சில நிமிடங்களில் தீர்த்துவிடுவார்கள்.

மறுமுயற்சிதான் இங்கே பெரிய ஆபத்து. பிரவுசர் 3 முறை முயல்கிறது, உங்கள் ஏபிஐ 3 முறை முயல்கிறது, அதற்குக் கீழே உள்ள லைப்ரரி 3 முறை முயல்கிறது என்றால், பயனரின் ஒரே ஒரு கிளிக் 27 அழைப்புகளாக மாறும். ஏற்கெனவே திணறும் சர்வருக்கு 27 மடங்கு சுமை! மறுமுயற்சி எந்த அடுக்கில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்து, மற்ற அடுக்குகளில் அணைத்துவிடுங்கள். இருக்கும் ஒரே இடத்திலும் இடைவெளி 1, 2, 4, 8 நொடி என்று இரட்டித்துப் போகட்டும். அதோடு ஒரு தற்செயல் எண்ணைக் கலக்குங்கள். கலக்காவிட்டால், ஒரே கணத்தில் தோற்ற ஆயிரம் கோரிக்கைகளும் மறுபடி ஒரே கணத்தில் வந்து மோதும்.

பணம் சம்பந்தப்பட்ட அழைப்பில், மறுமுயற்சி ஒவ்வொன்றிலும் அதே ஐடம்பொட்டன்சி கீயை (ஒரே அழைப்பு இருமுறை வந்தாலும் ஒருமுறை மட்டுமே நடக்கச் செய்யும் அடையாளம்) அனுப்பாமல் மறுபடி முயலவே கூடாது. டைம்அவுட் ஆனது என்பதற்குப் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை.

ஒவ்வொரு மணிக்கும் சரியாக 00 நிமிடத்தில் மட்டும் 429 வருகிறதா? உங்கள் கிரான் வேலைகள் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை) எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. 7, 23, 41-வது நிமிடம் என்று பிரித்து விடுங்கள்.

அறிகுறி: எப்போதாவது ஒரு 502, காரணமே இல்லாமல்

சுமை குறைவான நேரத்தில்தான் இது அதிகம் வரும். அதுவே முக்கியமான தடயம். ஆப் லாகில் அந்தக் கோரிக்கையே இருக்காது.

நோட் ஜேஎஸ் நேரடியாக லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோட் பேலன்சர் ஒரு கனெக்ஷனைச் சும்மா இருந்தாலும் 60 நொடி திறந்து வைத்திருக்கும். நோட் ஜேஎஸ்ஸின் கீப்-அலைவ் (சும்மா இருக்கும் கனெக்ஷனைத் திறந்து வைத்திருக்கும்) நேரமோ நெடுங்காலமாக 5 நொடிதான். ஐந்தாவது நொடியில் நோட் கனெக்ஷனை மூடுகிறது. மூடும் செய்தி போய்ச் சேர்வதற்குள், அதே கணத்தில் லோட் பேலன்சர் அந்தக் கனெக்ஷனில் ஒரு புதுக் கோரிக்கையை அனுப்புகிறது. மூடிய கதவில் போய் விழுந்த அந்தக் கோரிக்கை 502 ஆகத் திரும்புகிறது. ட்ராஃபிக் அதிகமாக இருந்தால் எந்தக் கனெக்ஷனும் 5 நொடி சும்மா இருக்காது, ஆகவே பிழையும் வராது.

தீர்வு எளிது: பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட அதிக நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். நோடின் கீப்-அலைவை 65 நொடியாக்குங்கள், ஹெடர் டைம்அவுட்டை அதற்கும் சற்று மேலே வையுங்கள். என்ஜின்எக்ஸுக்கு இயல்பிலேயே 75 நொடி என்பதால் அது முன்னால் இருந்தால் இந்தச் சிக்கல் அந்த இடத்தில் வராது.

அறிகுறி: சரியாக 60 நொடியில் அறுந்துவிடுகிறது

57, 63 என்று மாறி மாறி வராமல் துல்லியமாக ஒரே எண்ணில் அறுந்தால் நல்லது. அது யாரோ எழுதி வைத்த டைம்அவுட், எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 60 என்றால் லோட் பேலன்சரின் ஐடில் டைம்அவுட் (சும்மா இருக்கும் கனெக்ஷனை மூடும் நேரம்), அல்லது என்ஜின்எக்ஸ் பின்னாலிருந்து வரும் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். 29 என்றால் அமேசானின் ஏபிஐ கேட்வே. 2024 முதல் ரீஜியனல், பிரைவேட் வகை ரெஸ்ட் ஏபிஐகளுக்கு மட்டும் இதைக் கூட்டிக் கேட்கலாம். 30 என்றால் ஹெரோக்கு ஹோஸ்டிங், அல்லது பைத்தான் ஆப்பை ஓட்டும் குனிகார்ன் சர்வர் தன் வொர்க்கரையே (கோரிக்கையைக் கையாளும் புராசஸ்) கொல்லும் நேரம். குனிகார்ன் கொன்றால் என்ஜின்எக்ஸ் 504 சொல்லாது, 502 சொல்லும்.

எண்ணைக் கூட்டிவிட்டு நகர்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 60 நொடி காத்திருக்கும் பயனர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ரிஃப்ரெஷ் அழுத்துகிறார். என்ஜின்எக்ஸ் லாகில் 499 என்று பதிவாகும், பயனர் கனெக்ஷனை மூடிவிட்டார் என்று அர்த்தம். அவர் போனது ஆப்புக்கும் போஸ்ட்கிரஸுக்கும் பெரும்பாலும் தெரியாது. முதல் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி) ஓடிக்கொண்டே இருக்கும், ரிஃப்ரெஷ் செய்ததால் அதே குவெரி இன்னொரு முறையும் கிளம்பும். டேட்டாபேஸ், யாரும் வாங்கிக்கொள்ளாத பதில்களைத் தயாரித்துக்கொண்டிருக்கும். 499 கூடுகிறது என்றால் சரிவு ஆரம்பித்துவிட்டது.

ஆகவே டைம்அவுட்கள் உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். லோட் பேலன்சர் 60, என்ஜின்எக்ஸ் 30, ஆப் 20, போஸ்ட்கிரஸ் குவெரி 10 என்பது போல. போஸ்ட்கிரஸில் குவெரி டைம்அவுட் இயல்பில் கிடையவே கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலும் அப்படியே. டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும்.

ரிப்போர்ட் தயாரிப்பது, எக்செல் ஏற்றுமதி, வீடியோ மாற்றுவது போன்ற வேலைகள் எந்த டைம்அவுட்டிலும் அடங்காது. அவற்றுக்கு 202 (ஏற்றுக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை) என்று உடனே பதில் சொல்லி, வேலையை எஸ்க்யூஎஸ் போன்ற க்யூவில் (வேலை வரிசையில்) போட்டுவிட்டு, "முடிந்ததா" என்று கேட்க ஒரு முகவரியைக் கொடுப்பதே வழி.

அறிகுறி: சராசரி 120 மில்லிநொடி, ஆனாலும் புகார் நிற்கவில்லை

சராசரியை மறந்துவிட்டு பி99-ஐப் பாருங்கள், அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதை. நூற்றில் ஒன்றுதானே மெதுவாகிறது என்று விட முடியாது. ஒரு பக்கம் 20 ஏபிஐகளை அழைத்தால், அவற்றில் ஒன்றாவது அந்த மெதுவான ஒரு சதவீதத்தில் மாட்டும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். ஐந்தாறு முறை பக்கம் திறந்தால் ஒரு முறை சிக்கும். பயனர் நினைவில் நிற்பது அந்த ஒரு முறைதான்.

இந்த அறிகுறிக்குப் பின்னால் நான் அதிகம் பார்த்த காரணம் டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு). அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, நொடிக்கு வருபவர்களை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நொடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றும் கனெக்ஷனை 50 மில்லிநொடி வைத்திருக்கிறது என்றால் தேவை 10 கனெக்ஷன். ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) தவறிப்போய் அதே குவெரி 500 மில்லிநொடி ஆனால் தேவை 100. ட்ராஃபிக் ஒரு துளிகூட ஏறவில்லை. போஸ்ட்கிரஸின் இயல்பான மொத்த வரம்பே 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது.

ஆனால் நீங்கள் அந்த 100-ஐத் தொடுவதற்கு முன்பே பூல் நிரம்பிவிடும். நோட் ஜேஎஸ்ஸின் வழக்கமான போஸ்ட்கிரஸ் லைப்ரரியில் பூல் அளவு இயல்பாக 10. பூலில் இடம் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு அங்கே இயல்பான வரம்பே இல்லை, முடிவில்லாமல் காத்திருக்கும். பைத்தானின் எஸ்க்யூஎல்அல்கெமியில் 5, நெருக்கடியில் கூடுதலாக 10, காத்திருப்பு 30 நொடி. இந்தக் காத்திருப்பு டேட்டாபேஸின் ஸ்லோ குவெரி லாகில் வராது, ஏனென்றால் குவெரி இன்னும் டேட்டாபேஸுக்குப் போகவே இல்லை. "குவெரி எல்லாம் 5 மில்லிநொடியில் முடிகிறது, ஆனால் ஏபிஐ 4 நொடி எடுக்கிறது" என்று டேட்டாபேஸ் டீமும் ஆப் டீமும் ஒருவரையொருவர் கைகாட்டுவது இந்த இடத்தில்தான். பூலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணையும், கனெக்ஷன் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் தனி மெட்ரிக்காக எழுதினால் சண்டை அன்றே முடியும்.

கனெக்ஷன்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று போஸ்ட்கிரஸிடமே கேட்கலாம். அதன் ஆக்டிவிட்டி வியூவில் ஒவ்வொரு கனெக்ஷனின் நிலையும் தெரியும். "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" என்று பல வரிகள் நொடிக்கணக்கில் நின்றால் கோடைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. டிரான்சாக்ஷனை (சேர்ந்தே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) தொடங்கிவிட்டு, நடுவில் பேமெண்ட் ஏபிஐயையோ மெயில் சர்வரையோ அழைத்துவிட்டு, பதில் வந்தபின் கமிட் செய்யும் கோடு எங்கோ இருக்கிறது. வெளி ஏபிஐ 3 நொடி தாமதித்தால் உங்கள் கனெக்ஷனும் பூட்டுகளும் 3 நொடி சும்மா கிடக்கின்றன. வெளி அழைப்பை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுங்கள். இந்த ஒரு மாற்றம் பெரிய சர்வர் வாங்குவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

பூலைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். ஆட்டோஸ்கேலிங்கோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பூல் 15, நெரிசலில் 20 சர்வர் வரை ஏறும் என்றால் 300 கனெக்ஷன். ஸ்கேலிங் ஆகும் அந்த நிமிடமே போஸ்ட்கிரஸ் புதியவர்களை மறுக்கும். சர்வர் கூடக் கூடப் பிழை கூடுகிறது என்றால் இதுதான் காரணம். நடுவில் பிஜிபவுன்சர் என்ற பொதுவான பூலை வைத்து டிரான்சாக்ஷன் முறையில் ஓட்டினால் நூற்றுக்கணக்கான ஆப் கனெக்ஷன்களைச் சில பத்து டேட்டாபேஸ் கனெக்ஷன்களில் அடக்கலாம். லிசன்-நோட்டிஃபை, செஷன் அளவிலான அட்வைசரி லாக், செஷனுக்கென்று மாற்றும் அமைப்புகள் ஆகியவற்றை உங்கள் ஆப் நம்பியிருந்தால் அவை அந்த முறையில் உடையும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காலையில் பறக்கிறது, மதியத்துக்கு மேல் நகர மறுக்கிறது

அமேசானின் டி2 வகைச் சிறு சர்வரா? சிபியு கிரெடிட் (மெதுவாக ஓடும்போது சேர்ந்து, வேகமாக ஓடும்போது செலவாகும் சேமிப்பு) மீதியின் வரைபடத்தைத் திறங்கள். டி2 மைக்ரோவுக்கு நிலையான உரிமை ஒரு சிபியுவின் 10 சதவீதம் மட்டுமே. மேலே ஓடுவதெல்லாம் சேமிப்பிலிருந்து. அதிகபட்சச் சேமிப்பான 144 கிரெடிட் இருந்தாலும், முழு வேகத்தில் ஓடினால் சுமார் 2 மணி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கிரெடிட் பூஜ்யத்தைத் தொட்ட நேரமும் புகார் வந்த நேரமும் ஒன்றாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். டி3 இயல்பாகவே அன்லிமிடெட் முறையில் வருவதால் அது மெதுவாகாது, கூடுதல் பணம் பிடிக்கும்.

டிஸ்கிலும் இதே கதை உண்டு. அமேசானின் ஜிபி2 (gp2) வகை டிஸ்கில் ஒரு கிகாபைட்டுக்கு நொடிக்கு 3 ஐஓ (படிப்பதோ எழுதுவதோ). 100 ஜிபி டிஸ்க் என்றால் 300தான் நிலையானது. 3000 வரை தாவலாம், ஆனால் முழு வேகத்தில் அரை மணி நேரம் சொச்சம்தான் தாங்கும். ஜிபி3-க்கு மாறினால் அளவு எதுவானாலும் 3000 நிலையாகக் கிடைக்கும், பெரும்பாலும் விலையும் குறைவு. ஓடும்போதே மாற்றலாம்.

அறிகுறி: முதல் கோரிக்கை மட்டும் மெதுவு

முதலில் ஆப் எந்த ரீஜியனில் (கிளவுடின் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு தொடங்கியவர் வர்ஜீனியாவிலேயே விட்டிருப்பார். சென்னையிலிருந்து அது 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் போய்வர 130 மில்லிநொடி ஆகும். நடைமுறையில் 200-ஐத் தாண்டும். புதுக் கனெக்ஷனைத் தொடங்கும் டிசிபி ஒரு சுற்று, மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.3 ஒரு சுற்று, கோரிக்கை ஒரு சுற்று. முதல் பைட் வருவதற்குள் 600 மில்லிநொடி போய்விட்டது. பயனர்கள் இங்கே இருந்தால் 2016 முதல் மும்பை இருக்கிறது, 2022 முதல் ஹைதராபாத்தும் இருக்கிறது. ஆப்பை மட்டும் மும்பைக்கு மாற்றிவிட்டு டேட்டாபேஸை வர்ஜீனியாவில் விட்டால் நிலைமை மோசமாகும். வரிசையாக 20 குவெரி ஓடும் பக்கம் 4 நொடிக்குக் குறையாது.

லாம்ப்டா என்றால் கோல்ட் ஸ்டார்ட் (ஓடாமல் இருந்த ஃபங்ஷன் தொடங்க எடுக்கும் நேரம்) வேறு. அங்கே வரம்புக்கும் அதே லிட்டில் விதிதான். ஒரு ரீஜியனுக்கு இயல்பான கன்கரன்சி, அதாவது ஒரே சமயத்தில் ஓடக்கூடிய எண்ணிக்கை, 1000 (புதுக் கணக்குகளில் இதைவிடக் குறைவாக இருக்கலாம்). ஃபங்ஷன் 2 நொடி ஓடினால் நொடிக்கு 500 கோரிக்கைக்கு மேல் தாங்காது. அதை 1 நொடியாக்கினால் வரம்பைத் தொடாமலே 1000. இந்த 1000-ஐ அந்தக் கணக்கில் உள்ள எல்லா ஃபங்ஷன்களும் பகிர்கின்றன. இரவு ஓடும் இமேஜ் வேலை ஒன்று முழுவதையும் சாப்பிட்டுவிட்டால் லாகின் ஏபிஐ நிற்கும். முக்கியமான ஃபங்ஷனுக்கு ரிசர்வ்டு கன்கரன்சி ஒதுக்கிவிடுங்கள்.

திருத்தியபின் சரிபார்ப்பது

லேப்டாப்பிலிருந்து லோட் டெஸ்ட் ஓட்டினால், ஒரே ஐபி என்பதால் உங்கள் சொந்த வரம்பிலேயே முட்டி நிற்பீர்கள். டெஸ்டுக்கென்று தனிக் கீ கொடுத்து அதற்குத் தனி வரம்பு வையுங்கள்.

டெஸ்ட் டூலின் முறையையும் கவனியுங்கள். "50 பயனர்கள், ஒவ்வொருவரும் பதில் வந்தபின் அடுத்ததை அனுப்புவார்" என்று அமைத்தால், சர்வர் மெதுவாகும்போது டெஸ்டும் சேர்ந்து மெதுவாகிவிடும், சிக்கல் மறைந்துபோகும். உண்மையான பயனர்கள் சர்வர் திணறுகிறதா என்று பார்த்து வருவதில்லை. கே6 என்ற லோட் டெஸ்ட் டூலில் நிலையான வருகை வேகம் என்ற முறை உண்டு. நொடிக்கு இத்தனை என்று அது விட்டுக்கொண்டே இருக்கும். அதில் ஓட்டுங்கள். பி99, பூல் காத்திருப்பு, 499 எண்ணிக்கை மூன்றையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். மூன்றில் எது முதலில் வளைகிறதோ அந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே உங்கள் கோரிக்கை வரம்பை வையுங்கள். அமேசானிடம் கோட்டா கூட்டிக் கேட்பதாக இருந்தால் இந்த வரைபடத்தோடு கேளுங்கள். எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.